கடலில் கண்ணி பதித்த தரைப்படை: ராணுவத்துக்குக் கப்பல் எதற்கு?

அலைவாய்

வணக்கம். பழைய ராணுவப் பதவிகளைப் பற்றி மேய்ந்துகொண்டிருந்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அமெரிக்கத் தரைப்படையில் வாரண்ட் ஆபீசர் என்ற, சிப்பாய்க்கும் அதிகாரிக்கும் இடைப்பட்ட பதவி 1918 ஜூலை 9 அன்று பிறந்ததாம். எதற்காகத் தெரியுமா? கடலில் கண்ணிவெடி பதிக்கும் கப்பல்களை ஓட்டுவதற்காக. கடற்படையில் இல்லை, தரைப்படையில்! அதன் கடலோரப் பீரங்கிப் படைக்குச் சொந்தமாகக் கப்பல்கள், அவற்றுக்கு மாஸ்டர், மேட், இன்ஜினியர் எல்லாம் இருந்திருக்கிறார்கள்.

அவ்வளவு பெரிய கடற்படையை வைத்துக்கொண்டு, கடற்கண்ணியைப் பீரங்கிக்காரர்கள் கையில் ஏன் கொடுத்தார்கள்? துறைமுகத்தை அடைக்கக் கண்ணி வேண்டும், சரி. அதைக் கடற்படையே போட்டால் ஆகாதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டைமதில்

நல்ல கேள்வி தம்பி. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடற்கண்ணி என்றதும் கொம்பு முளைத்த இரும்புக் குண்டுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். கப்பல் இடித்தால் வெடிக்கும். அதற்கு நண்பன், பகைவன் தெரியாது. போட்டவனே மறுநாள் அந்தப் பக்கம் போனாலும் தூக்கிவிடும். அது தொடுகண்ணி.

ராணுவம் பதித்தது வேறு ரகம். ஒவ்வொரு கண்ணியிலிருந்தும் மின்கேபிள் கடலடியிலேயே ஓடிக் கரைக்கு வரும். கரையில் மண் மூடிய கான்கிரீட் அறை ஒன்று இருக்கும். மின்சாரம் பாய வேண்டுமா, வேண்டாமா என்பதை அங்கே இருப்பவர்கள் தீர்மானிப்பார்கள். சொந்தக் கப்பல் வந்தால் சும்மா கிடக்கும். எதிரிக் கப்பல் வந்தால் வெடிக்கும். கட்டுப்பாட்டுக் கண்ணி என்று வைத்துக்கொள்வோம். கேபிளின் மறுமுனை கோட்டைக்குள் இருப்பதால் அது கோட்டையின் உறுப்பு. கோட்டை ராணுவத்தின் கையில் இருந்தது, ஆகவே கண்ணியும் ராணுவத்தின் கையில். கடற்படை எப்போது வேண்டுமானாலும் துறைமுகத்தை விட்டு ஆழ்கடலுக்குப் போய்விடும். கோட்டை எங்கும் போகாது.

இந்த யோசனை ரொம்பப் பழையது. ரிவால்வர் புகழ் சாமுவேல் கோல்ட் 1840களிலேயே மின்கேபிள் வழியாக நீருக்கடியில் வெடி வைத்துக் காட்டினார். 1844 ஏப்ரலில் வாஷிங்டனில் ஓடிக்கொண்டிருந்த ஒரு கப்பலைப் பலர் பார்க்கச் சிதறடித்தார். அப்போது அரசாங்கம் வாங்கவில்லை. உள்நாட்டுப் போரில் தென்மாநிலத்தார் கண்ணிகளால் நிறையக் கப்பல்களை மூழ்கடித்தார்கள். 1864 ஆகஸ்டில் மொபீல் விரிகுடாவில் கவசக் கப்பல் டெகும்சே போனது அப்படித்தான். வாங்கிய அடி மறக்கவில்லை. போர் முடிந்ததும் பொறியாளர் படையைச் சேர்ந்த ஹென்றி ஆபட் என்ற அதிகாரி நியூயார்க்கின் வில்லெட்ஸ் பாயிண்டில் உட்கார்ந்து, நீருக்கடி வெடிப்பை ஆண்டுக்கணக்கில் சோதித்தார். எவ்வளவு மருந்து, எவ்வளவு ஆழம், எவ்வளவு தூரத்தில் கப்பலின் அடிப்பகுதி கிழியும் என்பதெல்லாம் அங்கேதான் கணக்காயிற்று. துறைமுகக் காவலை மறுசீரமைக்க அமைத்த எண்டிகாட் குழு 1886 அறிக்கையில் பீரங்கிகளோடு சேர்த்துக் கண்ணி வயல்களையும் கேட்டது.

1901இல் இந்த வேலை பொறியாளர்களிடமிருந்து பீரங்கிப் படைக்கு மாறியது. அதற்கும் காரணம் உண்டு. ஓடும் கப்பல் எங்கே இருக்கிறது, இன்னும் சில நொடியில் எங்கே இருக்கும் என்று கணக்கிடும் கருவியும் ஆட்களும் பீரங்கிக்காரர்களிடம் ஏற்கெனவே இருந்தார்கள். கரையில் இரண்டு நோக்கு நிலையங்களிலிருந்து கோணம் எடுத்து, வரைபடப் பலகையில் கப்பலின் பாதையைப் போட்டுக்கொண்டே வருவார்கள். அந்தப் பாதையின் முனையில் குண்டு விழ வேண்டுமா, கண்ணி வெடிக்க வேண்டுமா என்பது மட்டும்தான் வித்தியாசம்.

மின்பொறி மணி

கோட்டைமதில் சார் கேபிள் விஷயத்தை ஒரு வரியில் தாண்டிவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. முழுக் கதையும் அதில்தான் இருக்கிறது.

அமெரிக்க முறையில் 19 கண்ணிகள் ஒரு குழு. கரையிலிருந்து 19 கம்பிகள் உள்ள தடித்த கேபிள் ஒன்று கடலடியில் வந்து, ஒரு வார்ப்பிரும்புப் பிரிப்புப் பெட்டிக்குள் நுழையும். அங்கிருந்து கண்ணிக்கு ஒன்றாக ஒற்றைக் கம்பிக் கேபிள்கள் பிரிந்து போகும். பெட்டியை ஒரு படகில் வைத்துக்கொண்டு, அலையில் ஆடிக்கொண்டே 19 இணைப்புகளையும் நீர் புகாமல் போட்டு முடித்து, பிறகு கீழே இறக்க வேண்டும். ஒரு இணைப்பில் ஈரம் புகுந்தால் அந்தக் கண்ணி செத்தது. கரையில் கேபிள் சுருள்களைத் தண்ணீர் நிரப்பிய தொட்டிகளில் மூழ்கவைத்தே சேமித்தார்கள். வெயிலிலும் காற்றிலும் கிடந்தால் ரப்பர் உறை வெடித்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு.

கண்ணியின் நங்கூரமும் அழகான வேலை. கண்ணி மிதக்கும் தன்மை கொண்டது. அது மேற்பரப்புக்குக் கீழே குறிப்பிட்ட ஆழத்தில் நிற்க வேண்டும். ஆனால் கடலடி இடத்துக்கு இடம் மேடும் பள்ளமுமாக இருக்குமே? அதற்கு நங்கூரத்திலிருந்து ஒரு எடைக்குண்டைக் கயிற்றில் தொங்கவிட்டார்கள். நங்கூரம் கீழே போகப் போக, கண்ணியின் கயிறு உருளையிலிருந்து அவிழ்ந்துகொண்டே இருக்கும். எடைக்குண்டு தரையைத் தொட்ட கணத்தில் உருளை பூட்டிக்கொள்ளும். நங்கூரம் மிச்ச தூரத்தைக் கடந்து தரையில் உட்காரும்போது கண்ணியையும் அதே அளவு கீழே இழுத்துவிடும். எடைக்குண்டின் கயிறு எத்தனை அடியோ, கண்ணி அத்தனை அடி ஆழத்தில் நிற்கும். கடலின் ஆழத்தை யாரும் அளந்து சொல்ல வேண்டியதே இல்லை.

வெடிக்க வைப்பதிலும் ஒன்றுக்கு மேற்பட்ட வழி இருந்தது. பகலில், தெளிவான வானிலையில், நோக்கு நிலையக் கணக்கை வைத்துக் கரையிலிருந்தே வெடிக்கலாம். இருட்டிலோ மூடுபனியிலோ கப்பல் கண்ணியை இடித்தால் கரை அறையில் அதற்கான விளக்கு எரியும், மணி அடிக்கும். பிறகு ஆள் முடிவெடுப்பார். ஆபத்து நெருங்கிவிட்டால் இடித்தவுடன் தானே வெடிக்கும்படியும் இணைப்பை மாற்றி வைக்கலாம். இந்தக் கடைசி நிலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பேச வேண்டி வரும்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மிதக்கும் கண்ணி போய், கடலடியிலேயே உட்காரும் பெரிய கண்ணி வந்தது. ஒவ்வொன்றிலும் 3,000 பவுண்டு டிஎன்டி, அதாவது 1,360 கிலோ. கப்பலின் காந்தத்தை அதுவே உணர்ந்து கரைக்குச் சொல்லும்.

திண்ணை

எல்லாம் சரி. இத்தனை கம்பி, இத்தனை பெட்டி, இத்தனை கப்பல். விளைவு என்ன? அமெரிக்கத் துறைமுகங்களில் பதித்த இந்தக் கண்ணிகள் ஒரே ஒரு எதிரிக் கப்பலைக் கூட மூழ்கடிக்கவில்லை. அரை நூற்றாண்டு சம்பளம் வாங்கிக்கொண்டு ஒத்திகை பார்த்த படை என்றே சொல்வேன்.

கண்ணி இல்லாமலேயே வேலை முடிந்த இடமும் இருக்கிறது. 1940 ஏப்ரல் 9 விடியற்காலை, நார்வேயின் ஆஸ்லோ கடற்கால்வாய். ஜெர்மனியின் புத்தம்புதிய கனரகக் கப்பல் புளூஷர் படைவீரர்களை ஏற்றிக்கொண்டு தலைநகரைப் பிடிக்க வருகிறது. ஆஸ்கர்ஸ்போர்க் கோட்டையில் இருந்தவை 1890களில் ஜெர்மனியின் க்ருப் நிறுவனம் செய்த 28 செ.மீ. பீரங்கிகள். மோசே, ஆரோன், யோசுவா என்று பைபிள் பெயர் வைத்த கிழட்டுப் பீரங்கிகள். கர்னல் பிர்கர் எரிக்சன் சுடச் சொன்னார். மூன்றில் இரண்டு, ஆளுக்கு ஒரு குண்டு. இரண்டும் பட்டன. பிறகு பாறைக்குள் ஒளிந்திருந்த டார்பிடோ நிலையத்திலிருந்து இரண்டு டார்பிடோ. கப்பல் கவிழ்ந்தது. ராஜாவுக்கும் அரசாங்கத்துக்கும் தப்பிக்க நேரம் கிடைத்தது. கண்ணி எங்கே இதில்?

கோட்டைமதில்

திண்ணை, நீங்கள் சொன்ன உதாரணமே எனக்குச் சாதகமாக இருக்கிறது. அந்தக் கோட்டைக்கும் கட்டுப்பாட்டுக் கண்ணி வரிசை ஒன்று திட்டத்தில் இருந்தது. அன்றைக்கு அது கடலில் இல்லை, அவ்வளவுதான். இந்த ஆயுதத்தின் உண்மையான பலவீனம் அதுவே. சமாதான காலத்தில் கண்ணியைத் தண்ணீரில் போட்டு வைக்க முடியாது. கேபிள் கெடும், கப்பல் போக்குவரத்தும் தடைபடும். கிடங்கில் வைத்திருந்து, போர் வருகிறது என்று மேலிடம் சொன்ன பிறகு போட வேண்டும். மேலிடம் தாமதித்தால் எல்லாம் கிடங்கிலேயே கிடக்கும். எரிக்சனுக்குக் கிடைத்தது கிழட்டுப் பீரங்கியும் அதிர்ஷ்டமும். அதை நம்பி யாரும் துறைமுகம் காக்க முடியாது.

இன்னொன்று, நார்வேயின் கடலோரப் பீரங்கிப் படை 1934லேயே கடற்படைக்குள் வந்துவிட்டது. எனவே அதைத் தரைப்படைக் கணக்கில் சேர்க்க முடியாது.

கண்ணியின் பலன் எத்தனை கப்பல் மூழ்கியது என்பதில் மட்டும் இல்லை. டார்டனெல்ஸைப் பாருங்கள். 1915 மார்ச் 18, பிரிட்டிஷ், பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் துருக்கியின் அந்த நீரிணைக்குள் நுழையப் பார்த்த நாள். துருக்கியர் அங்கே ஏறத்தாழ 400 தொடுகண்ணிகளை வரிசை வரிசையாகப் போட்டிருந்தார்கள். பிரிட்டன் அவற்றை வார அனுப்பியவை மீன்பிடி இழுவைப் படகுகள். அவற்றில் இருந்தவர்களும் வடகடல் மீனவர்கள்தாம். எதிர்நீரோட்டத்தில் அந்தப் படகுகள் நகரவே திணறின. இரவில் தேடுவிளக்கு விழுந்தது, கரையிலிருந்து பீரங்கிகள் சுட்டன. வார முடியவில்லை. வாராததால் போர்க்கப்பல்கள் உள்ளே நெருங்க முடியவில்லை. நெருங்க முடியாததால் கரைப் பீரங்கிகளை அடக்க முடியவில்லை. கண்ணி பீரங்கியைக் காத்தது, பீரங்கி கண்ணியைக் காத்தது. இதற்கு நடுவில் நுஸ்ரத் என்ற சின்னக் கப்பல் மார்ச் 8 அதிகாலை எரென்கோய் விரிகுடாவில் சத்தமில்லாமல் போட்டுவிட்டுப் போன 26 கண்ணிகள் வேறு. மார்ச் 18 அன்று ஒரே நாளில் புவே, இர்ரெசிஸ்டிபிள், ஓஷன் என மூன்று போர்க்கப்பல்கள் போயின. புவே சில நிமிடங்களில் 600க்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கியது.

நுஸ்ரத்தை ஓட்டியவர்கள் கடற்படையினர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கண்ணி, பீரங்கி, விளக்கு மூன்றும் சனக்கலே கோட்டைப் பகுதித் தளபதி ஜெவாத் பாஷாவின் ஒரே கட்டளைக்குள் இருந்தன. ஆளுக்கொரு படையிடம் பிரித்துக் கொடுத்திருந்தால் இது நடந்திருக்குமா? அமெரிக்கக் கோட்டைகளிலும் கண்ணி வயலைப் பார்த்தபடி 3 அங்குல வேகப் பீரங்கிகளை வைத்தார்கள். கண்ணி வாரும் சிறு படகுகளைச் சிதறடிப்பதுதான் அவற்றின் முக்கிய வேலை. ஒன்றும் மூழ்கவில்லை என்கிறீர்களே, அந்தத் துறைமுகங்களுக்குள் நுழைய எவன் வந்தான்?

திண்ணை

எவனும் வராததற்குக் கண்ணிதான் காரணம் என்று எப்படி நிரூபிப்பீர்கள்? நடுவில் அட்லாண்டிக் என்று ஒரு கடல் இருக்கிறது சார்.

சிங்கை வாசகி

சண்டைக்கு நடுவில் ஒரு பக்கக் கதை. பிரிட்டனிலும் இதே ஏற்பாடு இருந்தது. அங்கே பீரங்கிப் படை இல்லை, ராயல் இன்ஜினியர்ஸ். அவர்களுக்குள் நீருக்கடிக் கண்ணிப் பிரிவு என்றே தனிக் கம்பெனிகள். 1870களில் தொடங்கி பிரிட்டிஷ் துறைமுகங்களிலும், வெளியே ஹாங்காங், சிங்கப்பூர் வரையிலும் இருந்தார்கள். இன்று செந்தோசா என்று சுற்றுலா போகும் தீவு அப்போது கோட்டைத் தீவு. அங்கே சிலோசோ கோட்டைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்த 1942 கதையை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். அதற்கு முந்தைய தலைமுறையின் கவலை முழுக்க அந்தக் குறுகிய மேற்கு வாசலைப் பற்றித்தான்.

1905இல் அட்மிரல் ஃபிஷர் காலத்தில் இந்த வேலை முழுவதையும் கடற்படை தன் கைக்கு வாங்கியது. வாங்கி என்ன செய்தது? மூடிவிட்டது! எங்கள் கப்பல்களுக்கே இது இடைஞ்சல், இனி நீர்மூழ்கிக் கப்பல் துறைமுகத்தைக் காக்கும் என்பது வாதம். முப்பது ஆண்டுக்கு மேலான கைத்திறன் கலைந்து போயிற்று. 1914இல் போர் வந்தபோது பிரிட்டனிடம் இருந்த கண்ணிகள் மட்டமானவை என்று பெயர் வாங்கின. அலைவாய் கேட்ட கேள்விக்கு இதுவும் ஒரு பதில். கடற்படைக்குத் துறைமுகக் கண்ணியில் ஆசை கிடையாது. அதன் மனசு எப்போதும் வெளிக்கடலில்.

அலைவாய்

நன்றி அக்கா. நன்றி மணி சார், அந்த எடைக்குண்டு விஷயத்தை இரண்டு முறை படித்தேன். அப்படியென்றால் கட்டுப்பாட்டுக் கண்ணி தொடுகண்ணியைவிடப் பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ளலாமா? தன் கப்பலை அது கொல்லாது, இல்லையா?

திண்ணை

தம்பி, எஸ்எஸ் கொரெகிடோர் என்று ஒரு கப்பல். பிலிப்பைன்ஸ் பயணிகள் கப்பல். 1941 டிசம்பர் 16 இரவு மணிலாவிலிருந்து கிளம்பியது. ஜப்பான் தாக்கத் தொடங்கி ஒரு வாரம் தாண்டிவிட்டது. தெற்குத் தீவுகளில் இருக்கும் சொந்த ஊருக்குத் தப்பி ஓடும் குடும்பங்கள், மாணவர்கள், கொஞ்சம் ராணுவத்தார், ஆயிரம் பேருக்கு மேல். விளக்கை அணைத்துக்கொண்டு விரிகுடா வாசலை நோக்கிப் போனார்கள். அந்த வாசலில் கொரெகிடோர் தீவு. அங்கே அமெரிக்கக் கடலோரப் பீரங்கிப் படை. 1941 நடுவிலேயே பதித்து வைத்த கட்டுப்பாட்டுக் கண்ணி வயல். அமெரிக்காவின் சொந்த வயல், அமெரிக்கக் கொடி பறக்கும் நாட்டின் சொந்தக் கப்பல், கேபிளின் மறுமுனையில் ஆள் இருக்கிறார். நள்ளிரவு தாண்டியதும் கண்ணி வெடித்தது. சில நிமிடங்களில் கப்பல் போனது. டார்பிடோ படகுகள் வந்து பொறுக்கி எடுத்தவர்கள் 300 பேர் கூட இல்லை.

அந்தக் கப்பல் யார் தெரியுமா? முதல் உலகப்போரில் எங்கடீன் என்ற பெயரில் பிரிட்டனின் கடல்விமானக் கப்பல். 1916 ஜட்லாண்ட் சண்டையில் விமானத்தை வானில் ஏற்றி எதிரியை நோட்டம் பார்த்தது அதுதான். அந்தச் சண்டையில் தப்பிய கப்பல், தன் நாட்டைக் காக்கப் போட்ட கண்ணியில் மாட்டியது.

சிங்கை வாசகி

இதைப் படித்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. தவறு யாருடையது என்று முடிவானதா?

மின்பொறி மணி

அதில் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. கேப்டன் வழித்தடத்தை விட்டு விலகினார் என்பார்கள். கப்பல் வருகிறது என்ற தகவல் கோட்டைக்கு முறையாகப் போகவில்லை என்பார்கள். கப்பல் வருவது தெரிந்தும் வயலை அணைக்கவில்லை என்று கோட்டை மேல் பழி போடுபவர்களும் உண்டு. கேப்டனும் கப்பலோடு போய்விட்டதால் அவர் பக்கத்துக் கதை கிடைக்கவில்லை.

நான் முன்னால் நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். வயல் அன்று இயக்க நிலையில் இருந்தது. அந்த நிலையில் வைத்துவிட்டால் கட்டுப்பாட்டுக் கண்ணிக்கும் தொடுகண்ணிக்கும் நடைமுறையில் வித்தியாசம் இல்லை. அணைக்கும் வசதி இருக்கிறது, ஆனால் அணைக்கும் முடிவை ஒருவர் எடுக்க வேண்டும். துறைமுக நிர்வாகம், கடற்படை, கோட்டை, கண்ணி அறை என்று நாலு இடத்துக்குத் தகவல் ஓடி, அதுவும் இருட்டடிப்பு இரவில், சில நிமிடங்களுக்குள் நடக்க வேண்டும். அந்தத் தீவுக்கு அருகில் கடற்படை போட்ட தொடுகண்ணிகளும் இருந்தன. இரண்டு படை, இரண்டு வகைக் கண்ணி, ஒரே வாசல்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். வேலை செய்யும் வரை கட்டுப்பாட்டுக் கண்ணி பாதுகாப்பானதுதான், அதில் சந்தேகம் இல்லை. அமெரிக்கத் துறைமுகங்களில் போர்க்காலம் முழுக்க ஆயிரக்கணக்கான கப்பல்கள் இந்த வயல்களின் மேல்தான் போய் வந்தன. ஆனால் தொடுகண்ணி வெடித்தால் விபத்து என்று சொல்லிவிடலாம். இது வெடித்தால் பெயர் சொல்லிக் கேள்வி கேட்க ஒரு அறை இருக்கிறது, அறைக்குள் ஆள் இருக்கிறார்.

கோட்டைமதில்

மணி சொன்னதோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. கேப்டன்கள் வழிகாட்டிப் படகுக்காகக் காத்திருக்க வேண்டும் என்பது எல்லாத் துறைமுகத்திலும் விதி. எதிரி நீர்மூழ்கி எந்த நேரமும் நுழையலாம் என்ற இரவில், முன்னறிவிப்பு இல்லாமல் வரும் இருட்டுக் கப்பலுக்காக வயலை அணைக்கும் அதிகாரி நாளைக்கு வேறு விசாரணைக்குப் போவார். இதை இங்கே தீர்க்க முடியாது, விடுங்கள்.

அலைவாய் முதலில் கேட்ட கப்பல் விஷயத்தை முடித்துவிடுகிறேன். 1918 வரை இந்தக் கண்ணிக் கப்பல்களைச் சிவிலியன் மாலுமிகள்தான் ஓட்டினார்கள். வெடிமருந்தோடு கோட்டைப் படையின் கட்டளைக்குள் வேலை செய்பவர்களை ராணுவச் சட்டத்துக்குள் கொண்டுவரத்தான் தனிக் கண்ணிக் கப்பல் பிரிவும் வாரண்ட் பதவியும் வந்தன. இன்று அமெரிக்கத் தரைப்படையில் ஹெலிகாப்டர் ஓட்டுபவர்களில் பெரும்பாலானவர்கள் வாரண்ட் ஆபீசர்கள். அவர்கள் பரம்பரையின் தொடக்கம் இந்தக் கண்ணிக் கப்பல்களில்.

இரண்டாம் உலகப்போருக்காக 16 புதிய கண்ணிக் கப்பல்கள் கட்டினார்கள். ஒவ்வொன்றும் 188 அடி. கட்டிய இடம் மேற்கு வர்ஜீனியாவின் பாயிண்ட் பிளசண்ட், ஒஹாயோ ஆற்றங்கரை. கடல் வாசனையே இல்லாத ஊர்! ஆறு வழியாகவே மிசிசிப்பி போய்க் கடலைத் தொட்டன. 1944, 45இல் பலவற்றைக் கடற்படை வாங்கிக்கொண்டது. பிறகு சில கடலோரக் காவல் படையிடம் மிதவை பராமரிக்கும் கப்பல்களாகவும், சில மீன்பிடிக் கப்பல்களாகவும் ஓடின. பழைய தலைமுறையில் 1909இல் கட்டிய ஜெனரல் ராயல் டி. ஃபிராங்க் என்ற கப்பல் பின்னாளில் ஹவாயில் சரக்கும் ஆட்களும் ஏற்றிக்கொண்டிருந்தது. 1942 ஜனவரி 28 அன்று ஜப்பானிய நீர்மூழ்கி அதை மாவி தீவுக்கருகே மூழ்கடித்தது. அதில் போனவர்களில் பலர் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்க இளைஞர்கள், ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள்.

1950இல் கடலோரப் பீரங்கிப் படையையே கலைத்தார்கள். விமானமும் ஏவுகணையும் வந்த பிறகு கோட்டைக்கு வேலை இல்லை.

அலைவாய்

எல்லோருக்கும் நன்றி. ஒரே ஒரு சந்தேகம். வேறு நாடுகளில் இந்த ஏற்பாடு எப்போது முடிந்தது? சுவீடனில் ரொம்ப நாள் இருந்தது என்று கேள்வி.

கோட்டைமதில்

இருந்தது. சுவீடனின் கடலோரப் பீரங்கிப் படை 1902இல் தொடங்கி 2000 வரை அந்தப் பெயரிலேயே நீடித்தது. ஆனால் அது கடற்படையின் அங்கம், தரைப்படை இல்லை. பின்லாந்தில் 1998 வரை தரைப்படையின் கீழ் இருந்தது. இரண்டுக்கும் ஆயிரக்கணக்கான தீவுகள், குறுகிய கால்வாய்கள், அதனால் கணக்கே வேறு. இதற்குத் தனி இழை தொடங்குங்கள். திண்ணையையும் கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் சுவாரசியம் இருக்காது.